பூஜ்யம் காட்டிய தொட்டி: கடலூரில் ஒரு அம்மோனியாக் குழப்பம்

தை நான்காம் நாள் இரவு ஒன்பதரை மணிக்கு மாமாவிடமிருந்து போன். என் மனைவியின் சித்தப்பா அவர். கடலூர் புதுப்பாளையத்தில் வீடு, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நாலடித் தொட்டியில் ஆறு ஒரண்டா (தங்கமீனில் ஒரு வகை) வளர்க்கிறார்.

"மாப்ள, அம்மோனியா சைபருக்கு வந்துடுச்சு. ஆனா மீனுங்க மேலயே நின்னு வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கு. ஒண்ணு போயிடுச்சு. நீங்க தண்ணி டெஸ்ட் பண்றவராச்சே, நாளைக்கு வர்றப்ப கொஞ்சம் பாருங்களேன்."

நான் மரக்காணம் பக்கம் ஒரு இறால் ஹேட்சரியில் தண்ணீர் சோதனை பார்க்கிறவன். மறுநாள் தை ஐந்து, ஆற்றுத் திருவிழா. எப்படியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலூர் போக வேண்டிய நாள்தான். பையில் ஆக்சிஜன் மீட்டர், பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) மீட்டர், சிரிஞ்சு, கழுவிய சோதனைக் குழாய்கள், ஒரு பாட்டில் அம்மோனியா திட்டக் கரைசல் (இவ்வளவுதான் அம்மோனியா என்று அளவு தெரிந்த கரைசல்) எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். அம்மோனியா பூஜ்யம், மீன் மட்டும் சாகிறது என்றால் ஒன்று வேறு ஏதோ கோளாறு இருக்க வேண்டும், இல்லை அந்தப் பூஜ்யம் பொய்யாக இருக்க வேண்டும். இரண்டுமே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

போகியன்று நடந்தது

மாமா சொன்னதையும், அத்தை இடையிடையே திருத்தியதையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை இதுதான்.

போகிக்கு வீடு முழுக்கக் கழுவினார்கள். மீன்தொட்டியும் தப்பவில்லை. ஃபில்டரைக் கழற்றி, ஸ்பாஞ்சையும் செராமிக் வளையங்களையும் குழாயடியில் வைத்துப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்த்துவிட்டார். "பளிச்சுன்னு ஆயிடுச்சு மாப்ள" என்று இப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். தொட்டித் தண்ணீரில் முக்கால் பங்கை இறைத்துவிட்டு, குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து நிரப்பினார். ஆன்டி க்ளோரின் சொட்டு விட்டு அரை மணி கழித்துத்தான் வாளியில் இருந்த மீன்களைத் திரும்ப விட்டார். அதுவரைக்கும் சரியாகச் செய்தார்.

பொங்கலன்று மீன்கள் நன்றாக இருந்தன. பேரப்பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கை தீனி போட்டார்கள். மாட்டுப் பொங்கல் சாயங்காலம் மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கின. காணும் பொங்கல் காலையில் எல்லாம் மேலே வந்து காற்றுக்கு வாயைத் திறந்தன, ஒன்றுக்கு வால் ஓரத்தில் சிவப்புக் கோடு. பண்டிகை நாளிலும் அரைக் கதவு திறந்து வைத்திருந்த ஒரு கடையில் அம்மோனியா சோதனைக் கிட்டும், 'அம்மோனியாவைப் பூட்டும்' என்று சொல்லப்பட்ட ஒரு கண்டிஷனரும் வாங்கி வந்தார். கிட் இரண்டு பாட்டில் உள்ளது, பச்சை நிறம் காட்டும் வகை. பார்த்தால் 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம். கண்டிஷனரை ஒரு முழு அளவு ஊற்றினார். அரை மணி கழித்துப் பார்த்தார், அதே 2. இன்னொரு அளவு. அதே 2. படுக்கப் போவதற்குள் ஐந்து அளவு போய்விட்டது, அட்டையில் பச்சை அப்படியே நின்றது. விடிகாலையில் ஒரு மீன் செத்திருந்தது.

கிட் கெட்டுப்போயிருக்கும் என்று தை நான்காம் நாள் வேறு கடையில் வேறு கிட் வாங்கினார். இது மஞ்சளிலிருந்து பழுப்புக்குப் போகும் வகை. சொட்டு விட்டதும் குழாய் பழுப்பாகக் கலங்கியது. அட்டையின் கடைசிக் கட்டம் 8 பிபிஎம், அதையும் தாண்டிய நிறம். பயந்துபோய் கண்டிஷனர் பாட்டிலில் மிச்சம் இருந்த பாதியையும் தொட்டியின் வலது மூலையில் கவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் அதே மூலையில் தண்ணீர் மொண்டு பச்சைக் கிட்டில் பார்த்தார். துளி பச்சை இல்லை. பூஜ்யம். அப்போதுதான் எனக்குப் போன் செய்தார்.

ஒரே தொட்டி, இரண்டே நாள்: 2, 8க்கு மேல், 0. இதில் எதை நம்புவது? மூன்றில் ஒன்றுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது, அதுவும் மாமா முதலில் நம்பாமல் விட்ட அந்த 2.

போனதும் செய்தது

தொட்டிப் பக்கம் போனதும் லேசாகக் கந்தக வாடை. தண்ணீர் பால் கலந்த மாதிரி மங்கலாக இருந்தது. முதலில் அம்மோனியாவைத் தொடவில்லை, ஆக்சிஜன் மீட்டரைத்தான் இறக்கினேன். அடியில் லிட்டருக்கு 3.9 மில்லிகிராம். தண்ணீர் 26 டிகிரி, அந்தச் சூட்டில் முழுதாகக் கரைந்திருந்தால் 8க்குப் பக்கத்தில் இருக்கணும். பாதிகூட இல்லை.

காரணம் ஒன்றா இரண்டா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த வகைக் கண்டிஷனர்களில் பல, சல்ஃபைட் குடும்பத்தைச் சேர்ந்த ஒடுக்கிகள், அதாவது ஆக்சிஜன், க்ளோரின் போன்றவற்றோடு சேர்ந்து அவற்றைத் தீர்த்துவிடும் பொருள்கள். க்ளோரினை அடிப்பது போலவே கரைந்த ஆக்சிஜனையும் தின்னும். சொன்ன அளவில் போட்டால் அது பெரிய விஷயமில்லை, அரை பாட்டில் கவிழ்த்தால் விஷயம்தான். அதோடு, ஃபில்டரில் குடியிருந்து அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவைத் தேய்த்துக் கழுவிய பிறகு தண்ணீரில் மிதக்கும் வேறு பாக்டீரியா திடீரெனப் பெருகித் தண்ணீர் மங்கும், அவையும் ஆக்சிஜன் குடிக்கும். மூச்சுத் திணறலைப் பார்த்து அம்மோனியா என்று முடிவு செய்து, அதற்கு மருந்து ஊற்றி, அந்த மருந்தாலேயே மூச்சுத் திணறல் கூடியிருக்கிறது.

வீட்டில் இருந்த ஏர் மோட்டார் ஒன்று, எதிர் வீட்டில் கேட்டு வாங்கியது இன்னொன்று, இரண்டையும் பெரிய கல்லோடு போட்டேன். ஒரு மணி நேரத்தில் ஆக்சிஜன் 6ஐத் தாண்டியது. மீன்கள் மெல்லக் கீழே இறங்கின. அத்தை அப்போதுதான் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

பச்சைக் கிட் ஏன் பொய் சொன்னது

சாப்பிட்டு முடித்ததும் பின்கட்டுத் திண்ணையில் குழாய்களை வரிசையாக வைத்தேன். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பச்சைக் கிட்டில் ஒரு பாட்டில் சாலிசிலேட்டைக் கொண்டுவருகிறது. இன்னொன்றில் கடுமையான காரமும், அதில் கரைந்த ஹைப்போகுளோரைட்டும் இருக்கும். ஹைப்போகுளோரைட் என்றால் வேறொன்றுமில்லை, துணி வெளுக்கிற பிளீச்சிங் சமாச்சாரம்தான். அது முதலில் தண்ணீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மோனோகுளோரமைன் ஆகிறது. அந்த மோனோகுளோரமைன் சாலிசிலேட்டோடு சேர்ந்து இண்டோஃபீனால் வகைச் சாயமாகிறது. சாயத்தின் நீலமும் மருந்தின் மஞ்சளும் கலந்துதான் நாம் பார்க்கிற பச்சை. பெர்தெலோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1859இல் கண்ட நிறமாற்றத்தின் திருத்திய வடிவம் இது. அவர் காலத்தில் ஃபீனால், இப்போது அதற்குப் பதில் நச்சு குறைந்த சாலிசிலேட்.

இதில் இரண்டு கண்ணி இருக்கிறது.

முதல் கண்ணி காரம். குழாய்க்குள் பிஎச் 12ஐ ஒட்டி ஏறிவிடும். தொட்டியில் அம்மோனியமாக (அம்மோனியாவின் கெடுதல் குறைந்த வடிவம்) இருந்ததும், கண்டிஷனர் இறுக்கமில்லாமல் பிடித்து வைத்திருந்ததும் அந்தக் காரத்தில் அம்மோனியாவாக அவிழ்ந்து வந்து நிறம் காட்டும். ஆகவே கண்டிஷனர் தன் வேலையைச் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் எண் அசையாது. காணும் பொங்கலன்று மாமா ஐந்து முறை பார்த்து ஐந்து முறையும் 2 வந்ததில் ஆச்சரியமே இல்லை. பத்து முறை ஊற்றியிருந்தாலும் அதேதான். 'மருந்துக்குப் பிறகும் கிட்டில் அம்மோனியா தெரியும்' என்று இப்படிப்பட்ட மருந்துகளின் குறிப்புத் தாள்களில் பொடி எழுத்தில் இருப்பது வழக்கம். பொங்கல் அன்று யார் அதைப் படிப்பார்கள்.

இரண்டாவது கண்ணிதான் எனக்குச் சுவாரசியமானது. கண்டிஷனர் என்பது க்ளோரினை அடிப்பதற்கென்றே செய்த பொருள். அது தொட்டியில் இருக்கும் க்ளோரின், இது கிட் பாட்டிலில் இருந்து விழுந்த க்ளோரின் என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மிச்சக் கண்டிஷனர் கொஞ்சமாக இருந்தால் கிட்டில் உள்ள ஹைப்போகுளோரைட் அதைத் தாங்கிக்கொள்ளும். ஏராளமாக இருந்தால் ஹைப்போகுளோரைட் முழுக்க அங்கேயே செலவாகி, அம்மோனியாவைச் சந்திக்க ஒன்றும் மிஞ்சாது. பச்சை வராது. அட்டையைப் பார்த்தால் பூஜ்யம். மாமா மொண்டதோ பாட்டிலைக் கவிழ்த்த அதே மூலையில், சரியாகக் கலக்காத தண்ணீர். அந்தக் குழாயில் ஏறக்குறைய மருந்தைத்தான் சோதித்திருக்கிறார்.

இது என் ஊகமாக நிற்கக் கூடாது என்று ஒரு சோதனை வைத்தேன். நாங்கள் ஹேட்சரியில் புது மருந்து எது வந்தாலும் செய்வதுதான். தொட்டியின் நடுவிலிருந்து, நன்றாகக் கலந்த தண்ணீரை எடுத்துப் பச்சைக் கிட்டில் பார்த்தேன். 0.5. அதே தண்ணீர் ஒரு பங்கு, கேன் தண்ணீர் மூன்று பங்கு கலந்து மறுபடி பார்த்தேன். நியாயமாக 0.12ஐ ஒட்டி வரணும். வந்தது மறுபடியும் 0.5.

மாமா கணக்குப் பார்த்தே பழகியவர். சட்டென்று பிடித்துக்கொண்டார். "நாலு மடங்கு தண்ணி கலந்தும் அதே 0.5ன்னா, மொத சொன்ன 0.5 பொய்யில்ல?" ஆமாம். கலந்ததில் கண்டிஷனரும் நாலில் ஒன்றாகிவிட்டது, கிட் கண் திறந்துகொண்டது. 0.5ஐ நாலால் பெருக்கினால் 2. தொட்டியில் இருந்தது அதுதான்.

உறுதி செய்ய அடுத்ததாகத் திட்டக் கரைசல். அம்மோனியம் குளோரைடு, ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பார்களே அந்த நவச்சாரத்தின் சுத்தமான ஆய்வகச் சரக்கு. 3.14 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் அம்மோனியா. அதில் அரை மில்லி எடுத்து அரை லிட்டர் தொட்டித் தண்ணீரில் விட்டால் சரியாக 1 பிபிஎம் கூடணும். 0.5 என்று சொன்ன தண்ணீர் 1.5 ஆகணும். ஆனது 0.75. நான் போட்ட ஒன்றில் கால் பங்கைத்தான் கிட் பார்த்தது. போட்டதையே காணவில்லை என்கிற கிட் ஏற்கெனவே இருந்ததைப் பற்றி என்ன சாட்சி சொல்லும்?

மஞ்சள் கிட்டின் கதை வேறு

மாமா வாங்கிய இரண்டாவது கிட் நெஸ்லர் வகை. ஜூலியஸ் நெஸ்லர் என்ற ஜெர்மானியர் 1856இல் சொன்ன முறை: பாதரசமும் அயோடினும் பொட்டாசியமும் சேர்ந்த கரைசல், காரத்தோடு. அம்மோனியா இருந்தால் மஞ்சள், அதிகமானால் ஆரஞ்சு, இன்னும் போனால் பழுப்பு. சுத்தமான தண்ணீருக்கு அருமையான முறை. ஆனால் ஒடுக்கிகள் வந்தால் பாதரசம் ஒடுங்கிச் சாம்பலும் பழுப்புமாகக் கலங்கிவிடும். சில கண்டிஷனர்களில் ஃபார்மால்டிஹைடையும் பைசல்ஃபைட்டையும் இணைத்துச் செய்த சோடியம் ஹைட்ராக்சிமெத்தேன்சல்ஃபோனேட் இருக்கும். 1980களிலிருந்து புழங்குகிற சரக்கு. அதுவும் நெஸ்லருக்கு ஆகாது. கடற்கரையோரப் போர் தண்ணீரின் கடினத்தன்மை வேறு, காரத்தில் வெள்ளையாகக் கலங்கும்.

இங்கே ஒரு சோதனையே போதுமாக இருந்தது. அம்மோனியாவே இல்லாத கேன் தண்ணீரில், பாட்டிலின் அடியில் ஒட்டியிருந்த கண்டிஷனர் இரண்டு சொட்டு விட்டு, மஞ்சள் கிட்டில் பார்த்தேன். பழுப்பு. அட்டைப்படி 5 பிபிஎம்முக்கு மேல். மாமா குழாயைக் கையில் வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் கீழே வைத்தார். அந்த எண்ணைப் பார்த்துத்தானே அரை பாட்டிலைக் கவிழ்த்தார்.

ஆக ஒரே கண்டிஷனர், ஒரு கிட்டை மேலே தள்ளியது, இன்னொன்றைக் கீழே அமுக்கியது. கண்டிஷனர் போட்டால் எண் கூடுமா குறையுமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த கிட், எவ்வளவு மருந்து, ஊற்றி எத்தனை நேரம் என்று மூன்றும் தெரிந்தால்தான் பேச முடியும்.

கொசுறாக இன்னொன்று. மருந்துக் குறுக்கீடே இல்லாமலும் இரண்டு கிட் ஒத்துப்போகாமல் இருக்கலாம். சில அட்டைகள் அம்மோனியாவாக எண் கொடுக்கும், சில அதிலுள்ள நைட்ரஜனாக. நைட்ரஜனாக 1 என்றால் அம்மோனியாவாக 1.2. இதற்காக ஒருவர் இரண்டாவது கிட் வாங்கி, அது ஒத்துவரவில்லை என்று மூன்றாவது வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதோடு மாமா இரவில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அட்டை பார்த்திருக்கிறார். பச்சையில் 1க்கும் 2க்கும் வித்தியாசம் பகல் வெளிச்சத்திலேயே தகராறு, மஞ்சள் பல்பில் கேட்கவே வேண்டாம்.

குழாய்த் தண்ணீர் மேல் பழி போடலாமா

போடலாம் என்று மாமா ஆசைப்பட்டார். மூத்த பையன் அமெரிக்காவில் இருக்கிறான், அங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமைன் கலப்பதாகச் சொல்லியிருக்கிறான். அங்கே பல ஊர்களில் அப்படித்தான். குளோரமைன் என்பது க்ளோரினும் அம்மோனியாவும் கட்டிப்போட்டது. சாதாரண ஆன்டி க்ளோரின் சொட்டில் இருக்கும் தையோசல்ஃபேட் அதில் க்ளோரின் பகுதியை மட்டும் அடித்து, அம்மோனியாவைத் தொட்டியில் அவிழ்த்துவிடும். அங்கே வளர்ப்பவர்கள் அம்மோனியாவையும் பிடிக்கும் கண்டிஷனர் தேடியது அதனால்தான். நம் பக்கத்தில் பெரும்பாலும் பிளீச்சிங் பவுடரோ க்ளோரின் வாயுவோதான்.

இருந்தாலும் பார்த்தோம். மருந்து எதுவும் விடாத குழாய்த் தண்ணீரில் பச்சைக் கிட் பூஜ்யம், போர் தண்ணீரிலும் பூஜ்யம். குளோரமைன் இருந்திருந்தால் பச்சைக் கிட்டே அதைக் காட்டிக் கொடுத்திருக்கும், ஏனென்றால் அந்தச் சோதனையின் நடுவழியில் உருவாவதே மோனோகுளோரமைன்தான். க்ளோரினைக் காட்டும் ஆர்த்தோடொலிடின் சொட்டைக் குழாய்த் தண்ணீரில் விட்டால் மஞ்சள் வந்தது, அரை பிபிஎம் க்ளோரின். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் எஞ்சிய க்ளோரின் குறைந்தது 0.2 இருக்கச் சொல்கிறார்கள், அதற்குள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. தண்ணீர் குற்றமற்றது. அம்மோனியா வந்தது தேய்த்துக் கழுவிய ஃபில்டரிலிருந்தும், பேரப்பிள்ளைகளின் தாராளக் கையிலிருந்தும்.

மீனுக்கு வலித்தது எவ்வளவு

2 பிபிஎம் என்பது மொத்தம். அதில் செவுளைச் சுடுவது அம்மோனியாவாக நிற்கும் பங்கு மட்டும். அம்மோனியமாக இருப்பது அவ்வளவு கெடுதல் இல்லை. அந்தப் பங்கைத் தீர்மானிப்பது பிஎச்சும் வெப்பமும். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் அரை சதவீதத்தைச் சற்றே தாண்டும். பிஎச் 8 என்றால் 5 சதவீதத்துக்கு மேல். மாமா தொட்டியில் பிஎச் 7.9, 26 டிகிரி. கணக்குப்படி 4.6 சதவீதம், அதாவது 0.09 மில்லிகிராம் விஷ வடிவம். 0.02ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்பது வழக்கமான எச்சரிக்கை.

இந்த வடிவத்தை மட்டும் அளக்க ஒரு வழி உண்டு. வாயு மட்டும் புகும் சவ்வுக்குப் பின்னால் நிறம் மாறும் சாயம் வைத்த சின்ன வில்லை. அது காரம் எதுவும் சேர்ப்பதில்லை, தண்ணீரைக் கலைக்காமல் அப்படியே பார்க்கும், அதனால் கண்டிஷனரின் குறுக்கீடும் குறைவு. பதில் சொல்ல மணிக்கணக்காகும் என்பதுதான் குறை. என்னிடம் இருந்த ஒன்றை ஒட்டி வைத்தேன். சாயங்காலம் 0.05 கட்டத்தின் நிறத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தது.

கண்டிஷனர் அம்மோனியாவை உண்மையிலேயே பூட்டுகிறதா என்பதைத்தான் மாமா திரும்பத் திரும்பக் கேட்டார். தயாரிப்பவர்கள் ஆமாம் என்கிறார்கள். வீட்டிலேயே அளந்து பார்த்த வளர்ப்பாளர்கள் சிலர் இல்லை என்கிறார்கள். என் வில்லை 0.05ஐயும் 0.09ஐயும் கண்ணுக்குப் பிரித்துக் காட்டுகிற அளவுக்கு நுட்பமில்லை, ஆகவே இந்தத் தொட்டியை வைத்து நான் எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத மாட்டேன். ஒன்று மட்டும் இருக்கிறது. சல்ஃபைட் வகை மருந்து ஆக்சிஜனோடு சேரும்போது கொஞ்சம் அமிலம் விடும், பிஎச் இறங்கும், இறங்கினாலே விஷப் பங்கு தானாகக் குறையும். மருந்து பூட்டியதா, பிஎச் இறங்கியதா என்று பிரிக்காமல் 'வேலை செய்தது' என்று சொல்லிவிடுவது சுலபம்.

இதன் மறுபக்கம் அன்று மத்தியானமே என் தலையில் விழுந்தது. நான் போட்ட ஏர் மோட்டார்கள் கரியமில வாயுவை வெளியேற்றி, பிஎச்சை 7.9இலிருந்து 8.1க்கு ஏற்றிவிட்டன. விஷப் பங்கு 4.6இலிருந்து 7 சதவீதம். ஆக்சிஜனைக் கொடுத்த கையோடு அம்மோனியாவையும் கூராக்கியிருக்கிறேன். ஆக்சிஜன் இல்லாமல் விட்டிருக்கவும் முடியாது. அதனால்தான் ஆற்றுத் திருவிழாவுக்குப் பிள்ளைகளை அத்தையோடு அனுப்பிவிட்டு, தண்ணீர் மாற்றுகிற வேலையை உடனே ஆரம்பித்தேன்.

சரி செய்தது

தொட்டியில் கல்லும் மேல் இடைவெளியும் போக 210 லிட்டர். நீல டிரம்மில் 100 லிட்டர் குழாய்த் தண்ணீர் பிடித்து, அரை கிராம் தையோசல்ஃபேட் போட்டு, காற்று விட்டோம். 1 பங்கு க்ளோரினுக்கு 7 பங்கு தையோ என்பது நாங்கள் ஹேட்சரியில் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு. 100 லிட்டரில் அரை பிபிஎம் என்றால் 350 மில்லிகிராம் போதும், கொஞ்சம் கூடவே போட்டோம். அந்த அளவு மிச்சம் கிட்டைக் குழப்பாது. பாதித் தண்ணீர் அன்றே, மறுநாள் இன்னொரு பாதி. தீனி அடியோடு நிறுத்தம். வேறு மருந்து எதுவும் கிடையாது.

மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் மூன்று வருடமாக ஓடும் தொட்டி இருக்கிறது. அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் பாதியை ஈரத்தோடு கவரில் கட்டி வாங்கி வந்து மாமா ஃபில்டரில் சொருகினேன். பார்த்தால் சேறு பிடித்த கறுப்பு. "இதைக் கழுவாமலா போடுறீங்க?" என்று மாமா கேட்டார். அந்தச் சேறுதான் தேவைப்பட்டது, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இருப்பது அதில்தான்.

அந்த பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் மீனுக்கு விஷம், ஆகவே நைட்ரைட் அடுத்து ஏறும் என்று தெரியும். அதற்காக மரக்காணத்துக் கல்லுப்பு 200 கிராம் கரைத்து விட்டேன். லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம். உப்பில் உள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுள் வழியாக நுழையவிடாமல் போட்டி போடும்.

தை ஆறாம் நாள் காலையில் ஆக்சிஜன் 7.4. அன்று மாற்ற வேண்டிய பாதியைத் தொடுவதற்கு முன் பச்சைக் கிட்டில் 1. அரை மில்லி திட்டக் கரைசலைச் சேர்த்துப் பார்த்தேன், அட்டையில் சரியாக 2. போட்ட ஒன்று முழுதாகத் திரும்பி வந்தது. ஒரு ராத்திரிக் காற்றிலும் தண்ணீர் மாற்றத்திலும் மிச்ச ஒடுக்கி தீர்ந்துவிட்டது. இனிமேல் இந்த கிட் சொல்வதைக் கேட்கலாம். அன்று இன்னொரு மீன் போனது, செவுள் ஓரம் ஏற்கெனவே பழுத்திருந்தது. மற்ற நான்கும் பிழைத்தன.

மஞ்சள் கிட்டைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம், பாதரசம் இருக்கிறது என்று சொல்லி மூடி இறுக்கி என் பையில் எடுத்துக்கொண்டேன். கைக்குச் சிறுவள்ளிக்கிழங்கு ஒரு பை நிறைய வந்தது.

அதற்குப் பிறகு எண்களை மாமாதான் தினம் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பினார், முற்றத்து வெளிச்சத்தில் எடுத்த குழாய்ப் படத்தோடு. தை 12இல் அம்மோனியா 0.25. தை 14இல் நைட்ரைட் 2க்கு ஏறியது, ஒரு கால் பங்குத் தண்ணீர் மாற்றச் சொன்னேன். 20க்குப் பிறகு இரண்டும் இறங்கின. தை 26 காலையில் வந்த படத்தில் குழாய் எலுமிச்சை மஞ்சள், துளி பச்சை இல்லை. 'பூஜ்யம் மாமா, தீனி போடலாம்' என்று பதில் அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. "அந்த நவச்சாரத் தண்ணி ஒரு சின்ன பாட்டில்ல வச்சிட்டுப் போயிருக்கீங்கல்ல மாப்ள, அதுல அரை மில்லி விட்டு ஒருவாட்டி பாத்துடுறேன். பச்சை வந்தாத்தான் இந்த சைபரை நம்புவேன்."

பத்து நிமிடம் கழித்து இன்னொரு படம் வந்தது. பச்சை, அட்டையில் 1.